தாடையெலும்பின் அபூர்வக் கட்டிகள்: அறிதலும் ஆற்றுதலும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நாம் பல் வைத்தியம் பயிலும் மாணவர். வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இன்னும் நமக்கு இல்லை. ஆயினும் கற்றதில் ஒரு பகுதியைச் சபையோர் முன் வைப்பது மாணவரின் கடமை என்று கருதி, பொதுமேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம். தாடையெலும்பில் எப்போதாவது தோன்றும் தீங்கற்ற கட்டிகளை அறிவது எப்படி, அவற்றுக்குப் பரிகாரம் செய்வது எப்படி என்பதே அவ்விஷயம்.

முகத்தின் ஒரு பக்கம் சற்று வீங்கினால் நம்மவரிடையே இருவகை மனநிலையைக் காண்கிறோம். ஒரு சாரார் அதனைப் பல் வீக்கம் என்று எண்ணி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றனர். மறுசாரார் அன்றைக்கே அதனைப் புற்றுநோய் என்று முடிவுகட்டி, வைத்தியரிடம் போனால் அந்த முடிவு உறுதியாகிவிடுமே என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கின்றனர். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுப்பதை அறிந்த நம் நாட்டில் இவ்வச்சத்துக்குக் காரணம் இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் இரு சாராரும் செய்வது ஒன்றே: வீக்கத்தின் பெயரை அறியாமலே அதன் கதியைத் தீர்மானித்துவிடுகின்றனர். வைத்தியமுறை முழுவதும் அந்தப் பெயரிலேதான் தங்கியிருக்கிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

முதலில் தாடையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். உடம்பில் வேறெந்த எலும்பிலும் பல் முளைப்பதில்லை. பல்லை உருவாக்கும் இழையம், தன் வேலை முடிந்த பின்பும், சிறு சிறு எச்சங்களாகத் தாடையினுள் தங்கிவிடுகிறது. அவ்வெச்சங்கள் பிற்காலத்தில் வளரத் தொடங்கினால் நீர்ப்பைகளும் கட்டிகளும் உண்டாகின்றன. கையெலும்பிலும் காலெலும்பிலும் காணப்படாத பல நோய்கள் தாடையில் காணப்படுவது இதனாலேயே. இவற்றோடு மற்ற எலும்புகளுக்கு வரும் நோய்களும் தாடைக்கு வரும்.

அடுத்தது, தீங்கற்ற கட்டி என்றால் என்ன? தோன்றிய இடத்தைவிட்டு இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறு உறுப்புகளுக்குப் பரவாத கட்டியையே அவ்வாறு சொல்வர். அச்சொல்லைக் கேட்டவுடன் கவலையை முற்றாக விட்டுவிடலாகாது. கறையான் அடுத்த வீட்டுக்குப் போகாமலே இருந்த வீட்டின் கூரை வளையை அரித்துவிடும். அதுபோலத் தீங்கற்ற கட்டிகளுள்ளும் சில, பேசாமல் விட்டால் ஒன்றுமே செய்யா. சில, பேசாமல் விட்டால் தாடையின் பாதியைத் தின்றுவிடும். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். தாடைநோயை அறியும் முறையும் அத்தகைய விசாரணையே.

முதலாவது, கேள்வி. நோயாளியின் வயதென்ன? வீக்கம் எப்போது தொடங்கியது? வாரங்களில் வளர்ந்ததா, வருடங்களில் வளர்ந்ததா? வலி உண்டா? கீழுதடு மரத்துப்போனதா? மெல்ல வளர்ந்து, வலியின்றி, பற்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்ப்பது பெரும்பாலும் தீங்கற்ற கட்டியின் நடத்தை. விரைவில் வளர்தல், உதடு மரத்தல், காரணமின்றிப் பல் ஆடுதல், ஆறாத புண் என்பன காணப்பட்டால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

இரண்டாவது, கையாலும் கண்ணாலும் செய்யும் பரிசோதனை. வீக்கம் கல்போல் இருக்கிறதா, அழுத்தினால் முட்டையோடுபோல் நெரிகிறதா என்று பார்ப்பர். அருகிலுள்ள பற்கள் உயிருடன் இருக்கின்றனவா என்று குளிர்ச்சியாலோ மெல்லிய மின்சாரத்தாலோ சோதிப்பர். இது சிறிய சோதனையாயினும் இதன் பயன் பெரிது. ஏனெனில் எக்ஸ்றேப் படத்தில் பல்வேரின் நுனியில் தெரியும் கருநிழல், பல் இறந்ததனால் உண்டான சீழ்க்கட்டியாக இருக்கலாம். பல்லோடு சம்பந்தமே இல்லாத எலும்பு நோயாகவும் இருக்கலாம். பல் உயிருடன் இருந்தால் சீழ்க்கட்டி என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

மூன்றாவது, படம். 1895ஆம் ஆண்டின் இறுதியில் றொன்ட்ஜன் என்ற ஜேர்மன் அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த செய்தி வெளிவந்து சில வாரங்களுக்குள், 1896 தை மாதத்திலே, வோல்க்கொவ் என்னும் ஜேர்மானியப் பல் வைத்தியர் தம்முடைய பற்களையே படம் பிடித்தார். அதற்காக அவர் அசையாமல் இருந்த நேரம் 25 நிமிடம். இன்று அதே வேலை ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் முறையைப் பின்லாந்து தேசத்துப் பாட்டெரோ என்பவர் இரண்டாம் உலகயுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் உருவாக்கினார். இப்போது கணினியின் உதவியால் தாடையைத் துண்டு துண்டாக வெட்டியதுபோல் எத்திசையிலிருந்தும் பார்க்க முடிகிறது. படத்தைப் பார்ப்பவர் நிழலின் ஓரம் தெளிவானதா மங்கியதா, அது ஓர் அறையா பல அறைகளா, பல்வேரைத் தள்ளுகிறதா கரைக்கிறதா, உட்புறம் வெறுமையா எலும்புத்தூள் கலந்ததா என்பவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்.

நான்காவது, சிறு துணுக்கை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்ப்பது. வெட்டுவதற்குமுன், நிழல் சந்தேகத்துக்குரியதாயின், ஊசியைச் செலுத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சிப் பார்ப்பர். உள்ளிருப்பது நீரா, காற்றா, பாய்ந்துவரும் இரத்தமா என்பது அதனால் தெரியும். இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் கட்டியின்மேல் கத்தி வைப்பதும், அங்கே ஆடும் பல்லைப் பிடுங்குவதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நுணுக்குக்காட்டி பார்த்தாயிற்று, இனி ஐயமில்லை என்று நினைப்பவர் உண்டு. அதுதான் இல்லை. தாடை நோய்களுள் ஒன்றுக்கொன்று உருவத்தில் ஒத்த பல உண்டு. தனித்த துணுக்கைப் பார்த்தால் எவ்வளவு வல்லவரும் மயங்கக்கூடும். ஆகையால் இந்நான்கு சாட்சிகளையும் ஒருங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்வதே முறை. சில நோய்களை உதாரணமாக எடுத்து இதனை விளக்குவோம்.

எதுவும் செய்யாமல் விடவேண்டியவை சில. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஸ்டாப்னி என்பவர், கீழ்த்தாடையின் கோணத்துக்கு அருகே, நரம்பு செல்லும் கால்வாய்க்குக் கீழே, வட்டமான குழிகள் 35 பேரிடம் காணப்பட்டதை வெளியிட்டார். படத்தில் கட்டிபோலவே தோன்றும் இக்குழி உண்மையில் கட்டியே அன்று. தாடையின் உட்புறத்தில், நாக்கை நோக்கிய பக்கத்தில், எலும்பு சிறிது பள்ளமாகியிருக்கிறது. அப்பள்ளத்தில் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு பகுதி அமர்ந்திருக்கிறது. இடத்தையும் உருவத்தையும் கொண்டே இதனை அறியலாம், பரிகாரம் வேண்டியதில்லை. நடுவயதுப் பெண்களில், கீழ்முன் பற்களின் வேர்நுனியில், எலும்பு தன் இயல்பு மாறிச் சிறு நிழல்களாகத் தோன்றும் நோயும் இத்தகையதே. இங்கே பற்கள் முற்றிலும் உயிருள்ளவை. இதனை அறியாதவர் சீழ்க்கட்டி என்று கொண்டு நல்ல பல்லைத் துளைத்து நரம்பை எடுத்துவிடுவர். அல்லது பல்லையே பிடுங்கிவிடுவர். அவ்வெலும்புக்கு இரத்தவோட்டம் குறைவாதலின், தேவையின்றிக் கிளறினால் ஆறாத புண்ணும் சீழும் ஏற்படலாம். தீங்கற்ற நோயைத் தீங்குள்ளதாக்குவது இங்கே வைத்தியமே!

காத்திருக்க வேண்டியவை வேறு சில. 1933ஆம் ஆண்டில் கனடாவில் ஜோன்ஸ் என்ற வைத்தியர் ஒரே குடும்பத்துச் சகோதரர்களிடம் ஒரு நோயை விவரித்தார். குழந்தைப் பருவத்தில் இரு பக்கத் தாடையும் வீங்கி, கன்னங்கள் பருத்து, கீழிமை இழுபட்டுக் கண்கள் மேல்நோக்கினாற்போல் தோன்றும். மிஷன் பாடசாலையில் படித்த நம்போன்றோர் கிறிஸ்தவ சமயச் சித்திரங்களில் உருண்டைக் கன்னத்தோடு வானத்தைப் பார்க்கும் குழந்தைத் தேவதூதர்களைக் கண்டிருப்போம். மேல்நாட்டார் அவர்களைச் செரப் என்பர். நோய்க்கும் செரபிசம் என்று பெயராயிற்று. 2001ஆம் ஆண்டில் இதற்குக் காரணமான பரம்பரையலகும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்நோயின் விசித்திரம் யாதெனில், பூப்புப் பருவம் வரையும் வளர்ந்து, பின்னர் தானாகவே அடங்கத் தொடங்குகிறது. அநேகரின் முகம் வாலிபத்தில் வெகுவாகச் சீராகிவிடுகிறது. பிள்ளையின் முகத்தைக் கண்டு கலங்கும் தாய்க்கு "பொறுத்திருங்கள்" என்று சொல்வது எளிதன்று. ஆனால் பார்வைக்கோ மூச்சுக்கோ உணவுக்கோ இடையூறு இல்லாதவரை, அதுவே பெரும்பாலும் நல்ல வைத்தியம்.

எலும்பின் இடத்தை நார் இழையம் பிடித்துக்கொள்ளும் நோயொன்றும் உண்டு. இது பெரும்பாலும் இளம்பராயத்தில் தொடங்குவது. கருத்தரித்த பின் உடம்பின் சில கலங்களில் மட்டும் ஏற்படும் மாற்றத்தால் வருவதாகையால் பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. எக்ஸ்றேப் படத்தில் நோயுற்ற பகுதி தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிபோல் தோன்றி, எல்லை தெரியாமல் நல்ல எலும்போடு கலந்துவிடும். நுணுக்குக்காட்டியில் இதனைப்போலவே தோன்றும் வேறொரு கட்டியோ படத்தில் கோடு கீறினாற்போல் எல்லை காட்டும். முதலாவது நோய் உடல்வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன்பின் முகம் கோணியிருந்தால் மிகுதியைச் சீவிச் சரிப்படுத்தினால் போதும். இரண்டாவது தொடர்ந்து வளர்வது; அதனை முழுமையாக அகற்றவேண்டும். கலங்கள் ஒன்றுபோலிருக்க, படத்தின் ஓரக்கோடுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. முதலாவது நோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கூடவே கூடாது. அது பிற்காலத்தில் புற்றுநோய் உண்டாக வழிவகுக்கும்.

இனி, தாடையில் நோய் தெரிய வேறிடத்தில் வைத்தியம் செய்யவேண்டிய விந்தையைக் கேளுங்கள். பல கருக்களைக் கொண்ட இராட்சதக் கலங்கள் நிறைந்த கட்டியொன்று இளையோரின் தாடையில் உண்டாகும். அதைச் சுரண்டி எடுப்பதும், சிலரில் கட்டிக்குள் மருந்து ஏற்றுவதும் வழக்கம். ஆனால் நுணுக்குக்காட்டியில் அணுவளவும் வேறுபாடு தெரியாத இன்னொரு கட்டி உண்டு. அதன் மூலம் கழுத்திலே இருக்கிறது. தைரொயிட் சுரப்பியின் பின்னே பயறளவான பராதைரொயிட் சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு உண்டு. இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவைக் காப்பது அவற்றின் வேலை. அவற்றுள் ஒன்று பெருத்து ஓமோனை மிகுதியாகச் சுரந்தால், எலும்பிலுள்ள கல்சியம் இரத்தத்துக்கு இழுக்கப்பட்டு எலும்பு குழிவிழுகிறது. தாடையை எத்தனை தரம் சுரண்டினாலும் கழுத்திலுள்ள காரணம் தீராதவரை நோய் தீராது.

இளைஞர்களே, மனிதரில் இச்சுரப்பிகளை முதன்முதல் விவரித்தவர் யார் தெரியுமா? சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் மாணவராயிருந்த சான்ட்ஸ்ட்ரொம் என்பவர். 1880இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதன் பிரயோசனம் பல்லாண்டு விளங்கவில்லை. 1925ஆம் ஆண்டில் வியன்னா நகரில் மான்டில் என்ற சத்திரவைத்தியரிடம், எலும்பெல்லாம் நலிந்த டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் வந்தார். சுரப்பியின் குறைபாடே காரணம் என்று அக்காலத்தில் பலர் கருதினர். ஆகவே முதலில் அச்சுரப்பியின் சத்தை ஊசிமூலம் கொடுத்தனர், பின் வேறொருவரின் சுரப்பியை ஒட்டவைத்தனர், குணமில்லை. இறுதியில் கழுத்தைத் திறந்து பெருத்த சுரப்பியை அகற்றியபோதுதான் வலி தணிந்து எலும்பு தேறியது. சில ஆண்டுகளின் பின் நோய் மீண்டும் வந்ததாயினும், காரணம் எதுவென்பது அன்றே உலகுக்குத் தெளிவாயிற்று. இன்று ஒரு சிறு குழாய் இரத்தத்தைச் சோதித்தாலே இச்சந்தேகம் தீர்ந்துவிடும். இராட்சதக் கலக் கட்டி என்று அறிக்கை வந்தால் கல்சியத்தையும் அவ்வோமோனையும் அளவிடாமல் மேற்செல்லலாகாது என்பது எமக்குப் போதிக்கப்படும் விதி. நாட்பட்ட சிறுநீரக நோயும் இச்சுரப்பிகளைப் பெருக்கச்செய்யும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவியிருக்கும் நம் நாட்டில் இதனை மறக்கவேண்டாம்.

சிறிய வைத்தியத்தோடு தீர்வனவும் உண்டு. பதினைந்து, இருபது வயதினரின் கீழ்த்தாடையில், வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில், பல்வேர்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் கருநிழல் ஒன்று தென்படும். பற்கள் உயிருள்ளவை. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாத குகை. சிறிது நீர் இருந்தாலும் இருக்கும். சத்திரவைத்தியர் உட்சுவரை மெல்லச் சுரண்டி இரத்தம் கசியச்செய்து மூடிவிடுவார். அவ்விரத்தம் உறைந்து, சில மாதங்களில் புதிய எலும்பு தோன்றிக் குகை நிரம்பிவிடும்.

கடைசியாக, பெயரில் தீங்கற்றதாயினும் நடத்தையில் கடுமையான ஒன்றைக் கூறுவோம். எனாமலை உருவாக்கும் இழையத்தின் எச்சத்திலிருந்து தோன்றும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியே அது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பிற்பகுதியில், வலியின்றி, ஆண்டுக்கணக்கில் வளரும். படத்தில் சவர்க்கார நுரைபோலப் பல அறைகள் தெரியும். இதன் வேர்கள், படத்தில் தெரியும் எல்லையையும் கடந்து, நல்ல எலும்பின் இடுக்குகளுக்குள் புகுந்திருக்கும். சுரண்டி எடுத்தால் மிகப் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பத்து ஆண்டு கழிந்து முளைத்ததும் உண்டு. ஆகையால் ஒன்று முதல் இரண்டு சதமமீற்றர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பதே பொதுவான முறை. "புற்றுநோய் இல்லை என்கிறீர்கள், பின் ஏன் தாடையை வெட்டவேண்டும்?" என்று நோயாளி கேட்பது நியாயமே. முதற்சிகிச்சையைச் சிறிதாக்கினால் இரண்டாம் சிகிச்சை பெரிதாகும் என்பதே அதற்கு விடை. வெட்டிய இடம் வெறுமையாக விடப்படுவதுமில்லை. காலின் சிறிய எலும்பை இரத்தக்குழாயுடன் எடுத்துத் தாடையாகப் பொருத்தும் முறை 1989ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவ்வெலும்பில் செயற்கைப் பற்களையும் நாட்டலாம். இக்கட்டிகள் பலவற்றில் ஒரு குறித்த பரம்பரையலகு மாறியிருப்பதும் 2014இல் கண்டறியப்பட்டது. அதனை அடக்கும் மருந்துகள் சில நோயாளரில் கட்டியைச் சுருங்கச்செய்திருக்கின்றன. அதே கட்டியின் ஒற்றைப்பை வகைகள் சிலவற்றுக்கு இத்துணை பெரிய வெட்டு வேண்டியதில்லை. பார்த்தீர்களா, ஒரே நோயின் உட்பிரிவை அறிவதில்கூட ஒருவருடைய தாடை தப்புகிறது!

அன்பர்களே, இவ்வுதாரணங்களை நிறுத்துப் பாருங்கள். "ஒன்றும் செய்யவேண்டாம்" என்று சொல்லும் வைத்தியரை ஒன்றும் தெரியாதவர் என்கிறோம். "தீங்கற்றதுதான், ஆனால் வெட்டவேண்டும்" என்று சொல்பவரை ஈவிரக்கமற்றவர் என்கிறோம். இருவருமே தீர விசாரித்துச் சொன்னவராக இருக்கலாம். எனவே அவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி, "இந்நோயின் பெயர் என்ன? எச்சாட்சிகளைக்கொண்டு அப்பெயரைச் சொல்கிறீர்கள்?" என்பதாகும். மரியாதையோடு கேட்கப்படும் இக்கேள்வியை நல்ல வைத்தியர் எவரும் வெறுக்கமாட்டார்.

நடைமுறைக்கு உதவும் சில வார்த்தைகள் கூறி அமைகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் வீக்கத்தையோ புண்ணையோ பற்றுப்போட்டு மறைக்காதீர்கள். பல் வைத்தியரிடம் காட்டுங்கள். காரணமின்றி ஆடும் பல்லைப் படம் எடுக்காமல் பிடுங்குவிக்காதீர்கள். எடுத்த படங்களையும் ஆய்வுகூட அறிக்கைகளையும் காணியுறுதிபோலப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்திய ஒரு படம் கட்டி வளர்கிறதா நிற்கிறதா என்பதை எந்தச் சோதனையையும்விடத் தெளிவாகச் சொல்லும். "ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள்" என்றால், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் குறித்த நாளில் செல்லுங்கள். காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே. ஆனால் தவணை தவறினால் அது வெறும் அசட்டையாகிவிடும்.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகம் வீங்கியதனால் பாடசாலைக்கு வர வெட்கப்படும் பிள்ளையோ, ஊருக்கு அஞ்சி அறைக்குள் இருக்கும் பெரியவரோ உங்கள் அயலில் இருத்தல் கூடும். வைத்தியசாலைக்கு அவருடன் கூடச் செல்லத் துணை ஒருவர் இருந்தால் அச்சத்தில் பாதி வழியிலேயே நீங்கிவிடும். அத்துணையாக நிற்பதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. இச்சங்கம் செய்யத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்று என்று பணிவுடன் கூறுகிறோம்.